நான் ஆதரவற்றவன் ஆன கதை

எளிமையாக வாழ்ந்து பிறருக்குத் தொண்டு செய்வது என்று ஐம்பதாவது வயதில் முடிவு செய்தேன். எளிமை ஏற்கெனவே கைவசம் இருந்தது. தொண்டுக்குத்தான் வழி தெரியவில்லை. நீலகிரி வெலிங்டனில் வேலை பார்த்து ரிடையரான நண்பர் ஒருவர், குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் காலைக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

இரண்டு வருஷம். சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. பெஞ்சில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் சூடான டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கும்போது, நான் படித்த புத்தகமெல்லாம் ஒரு கரண்டிக்கு ஈடாகாது என்று தோன்றும்.

போன மாதம் நண்பர், "அந்தப் பழைய ஸ்வெட்டரையே போட்டுட்டு வாங்க, நமக்கு ஆடம்பரம் ஆகாதுங்க" என்றார். முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டர் அது. போட்டுக்கொண்டு போனேன். "இந்த டம்ளரைக் கொஞ்சம் புடிங்க, கேமரா தெளிவா வருதான்னு பாக்கறேன்." பிடித்தேன்.

மூன்றாம் நாள் கோயமுத்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"ஏண்ணா, சோத்துக்கு இல்லைன்னா எங்கிட்டச் சொல்லமாட்டியா?"

நண்பர் போட்ட வீடியோவில் என் முகம். கீழே, 'ஆதரவற்ற முதியவருக்கு ஒரு வாய்க் கஞ்சி.' முதியவர் வேறு.

போய்க் கேட்டேன்.

"நெசமான ஆளுகளப் புடிச்சுப் போட்டா அவங்க சங்கடப்படுவாங்க. நீங்க நம்ம ஆளு."

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே?"

"சொன்னா நீங்க நடிச்சுக் கெடுத்துருவீங்க."

எடுத்துவிடச் சொன்னேன். நிறையப் பேர் பார்த்தாகிவிட்டது, இனி எடுத்தால் சேவைக்குக் கெட்ட பேர் என்றார். ஸ்வெட்டரைக்கூட முன்னாலேயே யோசித்து வைத்திருந்திருக்கிறாரே என்பதுதான் உறுத்தியது. அவரோடு பேச்சை நிறுத்தினேன். கஞ்சியை நிறுத்த மனசு வரவில்லை.

மறுநாள் வாளியோடு போய் நின்றேன். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த எஸ்டேட்காரம்மா ஒருவர் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"போன்ல பாத்தனுங்கண்ணா. மொதல்ல நீங்க குடிங்க. நாங்க அப்புறம் குடிச்சுக்கறோம்."

வரிசையே ஆமாம் என்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நண்பர் பொய்யராவார், அவர் கஞ்சியை அப்புறம் யார் நம்பிக் குடிப்பார்கள்? வாங்கிக் குடித்தேன்.

துளி உப்பில்லை. இதைத்தான் இரண்டு வருஷமாகச் சிரித்த முகத்தோடு ஊற்றியிருக்கிறேன். நண்பரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினேன். அவர் அங்கேதான் நின்றிருந்தார். பேச்சில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.