கிணற்றுச் சத்தம்

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை காலை, சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பழைய ஒலிநாடா ஒன்று வந்தது.

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது பட்டப்பகலில். கேட்டவர்கள் மூன்று பேர். மூவரும் இன்றும் இருக்கிறார்கள்.

நாடாவைக் கொண்டுவந்தவர் காத்தோங்கைச் சேர்ந்த மதலேனா, எழுபத்தைந்தைத் தாண்டியவர். அதில் இருந்தது 1957இல் வானொலியில் நேரடியாகப் போன ஒரு நாடகம். கிராமத்துக் கொலைக்கதை. வாய்க்கால் தகராறில் பண்ணையார் மருதப்பன் ஒரு கிழவரைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிடுகிறார். மருதப்பனாக நடித்தவர் மதலேனாவின் அப்பா சவரிராஜ். உயிரோடு இருந்திருந்தால் வரும் ஞாயிறு அவருக்கு நூறாவது பிறந்தநாள். பூசை முடிந்ததும் உறவினர் எல்லோரும் கூடி அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.

"அப்பா குரல் வீட்ல வேற எதுலயும் இல்லம்மா. பத்திரம் லா."

பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதுதான் அந்தக் கூடத்தில் வெரோனிகாவின் வேலை. இந்த நாடா ஓடும்போதே பழுப்புத் தூளாக உதிர்ந்தது. இன்னும் ஒரு முறை தாங்கினால் அதிகம். ஒரே ஓட்டத்தில் மாற்றி முடித்தாள்.

மறுநாள் ஹெட்ஃபோனில் நிதானமாகக் கேட்டபோதுதான் முதல் உறுத்தல். மருதப்பன் பேசும்போது பின்னால் மின்விசிறி ஓடியது, காகிதம் சரசரத்தது. கிழவர் பேசும்போது விசிறி இல்லை. காகிதம் இல்லை. எங்கோ ஆழத்தில்... சொட்... சொட்...

மூன்றாம் காட்சி. "தண்ணி இருக்கான்னு குனிஞ்சு பாரு பெருசு," என்கிறார் மருதப்பன். தொப்பென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கிழவருக்கு வசனமே இருக்கக் கூடாது.

இருந்தது.

மருதப்பன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சின் மேலேயே கிழவரின் குரல். மூக்கால் ஒரு சிரிப்பு. பிறகு...

"சவரி... குனிஞ்சு பாருன்னு சொன்னியே..."

நாடகத்தில் சவரி என்று யாரும் இல்லை.

வெரோனிகாவின் சந்தேகம் நேராக ஆர்னால்ட் மேல் போனது. பக்கத்து மேசைக்காரன். குரலை வெட்டி ஒட்டுவதில் கில்லாடி. போன மாதம்தான் முதலாளியின் குறட்டைக்குத் தாளம் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான்.

"அந்த ஃபைல்ல கை வச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா லா? அந்த ஆன்ட்டியோட அப்பா பர்த்டேக்கு நான் ஏன் பேய் வேஷம் போடணும்?"

"அப்ப டேப்லயே இருக்கணும்."

"ஓட்டிப் பாரு. நான் கையை பாக்கெட்ல வச்சுக்கறேன். போதுமா?"

நாடா பிய்ந்துபோனால் மதலேனாவுக்கு மிஞ்சுவது சந்தேகத்துக்கு இடமான ஒரு கோப்பு மட்டும்தான். அது தெரிந்தேதான் நாடாவை மறுபடி மாட்டினாள். நடுப்பகல். கீழே கடையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்.

அறுக்கும் சத்தம் நின்றுபோனது.

சொட்... சொட்...

குரல் வந்தது. கோப்பில் கேட்டதைவிடக் கிட்டத்தில்... மைக்கை ஒட்டி.

ஆர்னால்டின் கை பாக்கெட்டில்தான் இருந்தது.

நாடாவை ஓரம் முதல் ஓரம் வரை இருவரும் பார்த்தார்கள். எங்கேயும் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

வெள்ளியன்று மதலேனா வாங்க வந்தார். ஒலியைப் போடும் முன் வெரோனிகா கேட்டாள்.

"கிழவரா நடிச்சது யாரு ஆன்ட்டி?"

"அதுவும் அப்பாதான்! அலுமினியத் தம்ளரை வாயில வச்சுக்கிட்டுப் பேசுவார். தம்ளர் இன்னும் வீட்ல இருக்கு. இராமசாமி மாமாதான் நடிக்க வேண்டியது. அன்னிக்கு வரல."

ஒரே ஆள். ஒரே வாய். நேரடி ஒலிபரப்பு.

இரண்டு குரலும் சேர்ந்து கேட்டது எப்படி?

"ஏன் வரல?"

"கிணத்துச் சத்தம் சரியா வரணும்னு முந்தின நாள் ரெண்டு பேரும் சுவா சூ காங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாங்க. கல்லைப் போட்டுக் கேக்கறதுக்கு. அப்பா மட்டும் திரும்பி வந்தார். மாமா அப்படியே ஊருக்குக் கப்பல் ஏறிட்டாராம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"போடும்மா."

போட்டாள்.

மூக்குச் சிரிப்பு வந்தது. மதலேனா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார்.

"இது அப்பா இல்ல. மாமா. எங்க வீட்லதான் தங்கியிருந்தார். இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்."

ஞாயிறன்று காத்தோங்கில் விருந்து நடந்தது. நாடகம் போடப்படவில்லை. மறுநாள் மதலேனா போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அந்தத் தோட்டத்தின் மேல் இப்போது விரைவுச்சாலை ஓடுகிறது. கிணறு எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஒலிநாடா இன்னும் ஜாலான் புசாரில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.