எழும்பாத லெப்டொப்களும் நானும்

லெப்டொப் திருத்துகிறவன் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வந்ததாகச் சரித்திரமில்லை. உங்களுக்கும் நடந்திருக்கும். இரவு நல்லபடி மூடி வைத்த சாமான், காலையில் பட்டனை அமத்தினால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. சாஜரைக் கழற்றி மாட்டுவீர்கள். பிறகு அதே பட்டனைக் கோபத்தோடு அமத்துவீர்கள். கோபத்துக்குப் பயந்து எழும்பிய லெப்டொப்பை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் காணவில்லை. கல்முனையில் இருக்கும் என் கடைக்கு அது வந்து சேர்வதற்குள் வீட்டிலுள்ள எல்லோரும் அதற்குக் கைவைத்தியம் பார்த்து முடித்திருப்பார்கள்.

வித்து நெல்

சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிற ஒருவர், மகளின் லெப்டொப்பைக் கொண்டு வந்தார். தேத்தண்ணி ஊற்றுப்பட்டு நின்றுபோனதாம். நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அரிசி முடிந்திருந்ததால், மனுசன் நெல் மூட்டைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்துவிட்டார்.

திறந்தேன். காற்றாடிக்குள் நெல், கீபோர்டுக்குக் கீழே நெல், மூலைக்கு மூலை உமி. தட்டத் தட்டக் கொட்டிக்கொண்டே இருந்தது. கண்ட நெல்லையும் இதற்குள் போடலாமா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கண்ட நெல்லயும் போட நான் என்ன விசரனா தம்பி? அது தூத்திக் காயவெச்ச வித்து நெல்லு."

அளவு

மருதமுனை டீச்சர் ஒருவர் தன் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் லெப்டொப்பைப் பார்த்து "நல்ல சாமான்" என்று சொல்லிப் போன அன்றைக்கே அது எழும்பாமல் விட்டதாம். கண்ணூறுதான் என்று மாமி தீர்ப்புச் சொல்லி, தண்ணி ஓதி வாங்கி வந்து மேலே தெளித்திருக்கிறார். அதற்கும் எழும்பாததால், மிச்சத்தையும் ஊற்றியிருக்கிறார்.

உண்மையான பழுது, பட்டனுக்குப் போகிற வயர் கழன்றது மட்டும்தான். ஐந்து நிமிட வேலை. தண்ணியை எடுக்க மூன்று நாள் பிடித்தது. ஓதுவதில் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் கரண்ட் சாமானுக்குத் தண்ணி ஆகாதே என்று பக்குவமாகச் சொன்னேன். மாமி கொஞ்சம் யோசித்தார்.

"ஓதினதில பிழையில்ல மகன். ஊத்தினதுதான் கொஞ்சம் கூடிட்டு."

ஒரே கொப்பி

றிஸ்வானுக்கு ஊர் பொத்துவில். ஒலுவிலில் தங்கிக் கெம்பஸில் கடைசி வருடம் படிக்கிறான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். ஒரு திங்கட்கிழமை, எழும்பாத லெப்டொப்பைப் பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வியாழக்கிழமை ஆய்வைக் கையளிக்க வேண்டும். பிந்தினால் ஒரு வருடம் போய்விடும். அதை எழுதுவதற்காக இரண்டு மாதமாக வீட்டுக்கே போகவில்லையாம். பாவமாக இருந்தது. வேறு எங்கேயும் ஒரு கொப்பி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"வெச்சிரிக்கன் காக்கா. அதுவும் இதுக்குள்ளதான் இரிக்கி."

எப்ப எடுக்கிற?

செவ்வாய் பகல் பழுது பிடிபட்டது. மதர்போர்ட் எரிந்திருந்தது. அதைத் திருத்த வழியில்லை. ஆனால் ஆய்வு கிடந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அந்தச் சந்தோசத்தில் றிஸ்வானுக்குக் கோல் எடுத்தேன். அவன் லெக்சரில் இருந்ததால் கூட்டாளி ஒருவன் எடுத்தான்.

நான் கடையிலிருந்து கதைக்கிறேன் என்று சொல்ல மறந்தது முதல் பிழை. இரண்டாவது பிழை தொழில் பழக்கம். மதர்போர்டை நாங்கள் முழுசாகச் சொல்வதில்லை, 'மதர்' என்போம். ஆள் இறந்தாலும் சாமான் செத்தாலும் எங்கள் வாயில் ஒரே சொல்தான், மௌத்து. "றிஸ்வானிட்டச் சொல்லுங்க, மதர் மௌத்து" என்றேன்.

 மௌத்துச் செய்திக்குச் சொல்கிற "இன்னாலில்லாஹி"யை அவன் சொன்னான். லெப்டொப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்தேன். எப்ப எடுக்கிற என்று கேட்டான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எடுக்கலாம் என்றேன்.

"சரி காக்கா. நாங்க எல்லாருமாச் சேந்து வாறம்."

பொத்துவில் வேன்

அசர் போய், பொழுதுபட்டு மஃரிபும் ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. புதன் காலையில்தான் றிஸ்வான் வந்தான், ஒரு பெண்ணோடு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நடந்ததை அவனே சொன்னான். செய்தி கேட்டதும் உம்மாவுக்குக் கோல் எடுத்திருக்கிறான். அவர் கலியாண வீட்டுச் சமையலில் நின்றதால் போன் அடித்து ஓய்ந்தது. அதோடு அவனுக்கு உறுதியாகிவிட்டது. கூட்டாளிமார் எட்டுப் பேர், தலையில் தொப்பி, வாடகை வேன். பொத்துவில் வரைக்கும் அழுதுகொண்டே போயிருக்கிறான். வேன் நின்ற நேரம், அவனுடைய உம்மா வீட்டு வாசலில் நின்று, கலியாண வீட்டிலிருந்து வந்த ஒரு சட்டி புரியாணியை ஓட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாராம். கோல் வந்த நம்பரை அப்போதுதான் பார்த்தானாம், என் கடை நம்பர்.

ஆய்வு முழுவதும் இருந்த பென்டிரைவை அவன் கையில் வைத்தேன். கூட வந்த பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னார்:

"நான்தான் மகன் அந்த மௌத்தான மதர். ரெண்டு மாசமா ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்காத புள்ள, வேன் புடிச்சிக்கிட்டு வந்து என்னக் கட்டிப் புடிச்சி அழுதான். இனியும் வராம இருந்தானெண்டா, திரும்ப ஒருக்காக் கோல் எடுத்து அப்பிடியே சொல்லிடுங்க."

எரிந்த போர்டைத் திருத்த முடியாதவன் என்ற பெயர் எனக்கு வராமல், வீட்டுக்கு வராத பிள்ளையை வரவைக்கிறவன் என்ற பெயர் பொத்துவில் வரைக்கும் பரவி, இப்போது லெப்டொப்பே இல்லாத உம்மாமாரும் என் நம்பரைக் கேட்கிறார்கள்.