எச்சரிக்கை டெம்ப்ளேட்டில் ஏழுமலையின் படம்

ஏழுமலையை அடித்து நொறுக்க ஆள் திரட்டியவன் நான்தான். என் கை அவர் மேல் படவில்லை... ஆனாலும் நான்தான்!

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வட்டாரச் செய்தி வலைப்பூ நடத்துகிறேன். எழுதுகிறேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். விபத்துக்கு ஒரு டெம்ப்ளேட், திருட்டுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. பெயரையும் ஊரையும் மாற்றினால் பதிவு தயார். செத்தவர் யாராக இருந்தாலும் என் வலைப்பூவில் ஊரே சோகத்தில் மூழ்கும். நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஒரு காலையில் செல்வி வந்தாள். களமருதூர் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறவள், படிக்கத் தெரியாதவள். அவள் கணவர் ஏழுமலை சற்றே புத்தி பேதலித்தவர். முந்தின நாள் வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. அவர் படத்தை என்னிடம் நீட்டினாள்.

“கொழந்தைங்கள கண்டா கிட்ட போயி பேசிக்கினு நிப்பாருங்கண்ணா. ஒண்ணும் பண்ண மாட்டாரு. யாரும் பயப்பட வேணாம்னு போடுங்க.”

காணாமல் போனவர்களுக்கு என்னிடம் டெம்ப்ளேட் இல்லை. புதிதாக நாலு வரி எழுத உடம்பு வளையவில்லை! பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்று வதந்தி ஓடிய நாட்களில் செய்து வைத்திருந்த எச்சரிக்கை டெம்ப்ளேட்டைத் திறந்தேன். அதிலும் மேலே படம், கீழே அடையாளம்... போதாதா? தலைப்பை ‘காணவில்லை’ என்று மாற்றினேன். அடையாளத்தில் ‘குழந்தைகளிடம் நெருங்கிப் பேசுவார்’ என்று சேர்த்தேன். பயப்பட வேண்டாம் என்று எழுத அங்கே கட்டம் இல்லை; விட்டுவிட்டுப் பதிவேற்றினேன். அடியில் சிவப்பு எழுத்தில் பழைய வரிகள் அப்படியே கிடந்தன. ‘பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். இவனைக் கண்டால் தப்ப விடாதீர்கள். பகிருங்கள்!’

கவனப்பிழை என்று நினைக்கிறீர்களா? நானும் சில மாதங்கள் அப்படித்தான் என்னை ஏய்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த வரிகளைப் பார்த்துவிட்டேன்! விரல் ‘திருத்து’ பொத்தான் மேல் நின்றது. அப்போதுதான் பார்வைகளின் எண்ணிக்கை கண்ணில் பட்டது... என் பதிவு எதுவும் அப்படி ஓடியதே இல்லை. சாப்பிட்டு வந்து மாற்றலாம் என்று எழுந்தேன். சாப்பிட்டேன். சோறு இறங்கியது!

திரும்பி வந்தபோது ரிஷிவந்தியம் பக்கமிருந்து ஒரு வீடியோ வந்திருந்தது. ஏழுமலையைச் சுற்றிலும் வேலிக் கம்புகள், செருப்புகள். ஒருவன் செல்போனை உயர்த்திக் காட்டுகிறான். திரையில் என் பதிவு.

“இவனேதான்டா! போட்டோவ பாரு! இன்னாத்துக்குடா வந்த, சொல்லு!”

ஏழுமலை சிரிக்கப் பார்க்கிறார். செங்கல் வாயில் இறங்குகிறது. பற்கள் தெறித்து விழுகின்றன. மண்ணில் கிடக்கும் அவருடைய முழங்கை மேல் ஒருவன் குதிக்கிறான். எலும்பு முறியும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. அந்தச் செங்கல் விழ வேண்டியது என் வாயில்!

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு வரிகளை அழித்தேன். பிறகு தாக்குதல் டெம்ப்ளேட்டைத் திறந்து, ‘மர்ம நபர்கள் வெறிச்செயல்’ என்று பதிவேற்றினேன். என்ன மனிதன் நான்?

அடித்தவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்தது. என்னைத் தேடி யாரும் வரவில்லை. செல்விதான் வந்தாள். ஏழுமலையையும் கூட்டி வந்திருந்தாள். அவருடைய வலது கை மடங்கவில்லை. வாய் குழிந்து போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வாயால் சிரித்தார்.

“நீங்க போட்டதாலதாங்கண்ணா ஆளு உசுரோட கெடைச்சாரு” என்று செல்வி கும்பிட்டாள். “போன்ல வந்துச்சு, அதான் அடிச்சோம்ன்றானுங்க அந்தப் பசங்க. இவரப் போயி புள்ள புடிக்கிறவன்னு எழுதனவன் எவன்னு கண்டுபுடிச்சு சொல்லுங்க. அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“விசாரிக்கிறேம்மா” என்றேன்.

இப்போதும் வாரம் தவறாமல் செல்வி கூப்பிடுகிறாள். “எவன்னு தெரிஞ்சுதாங்கண்ணா?”

இன்னும் தெரியவில்லை என்கிறேன்.