மச்சாள் பார்த்த கதிரைப் படம்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவள் நான். கையும் நடுங்குகிறது. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பது குழம்பிப் போகிறது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் போத்தலை நான் மறக்கவில்லை. மறக்க வழியில்லை, அது இப்போதும் என் குசினி யன்னலில்தான் நிற்கிறது. கடும் பச்சை நிறம், நீண்ட கழுத்து, அடியில் கட்டைவிரல் போகுமளவுக்கு ஒரு குழி. இப்போது அதற்குள் தேங்காயெண்ணெய் இருக்கிறது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அது என் அலுமாரிக்குள், புனித அன்னம்மாளின் சுரூபத்துக்குப் பின்னால், மூடி திறக்காமல் நின்றது. நான் அதைத் திறக்காமல் வைத்திருந்தது பக்தியால் அல்ல. எரிச்சலால்.

அதைத் தந்தவள் என் மச்சாள். அம்மாவின் தம்பி மகள், என்னைவிட மூன்று மாதம் இளையவள். கற்பிட்டிப் பக்கம், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற மணல் துண்டில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. அவள் பேசுவாள், நான் கேட்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைக்குப் போனால் எனக்கு வேண்டிய பாணைக்கூட அவள்தான் கேட்டு வாங்குவாள். ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்டால் நான் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பேன். அவள் பக்கத்தில் நின்றால் எனக்கு ஆறுதல். பொறாமை பிறகுதான் வந்தது. வந்த பிறகு அது போகவேயில்லை.

இத்தாலியில் இருந்த எங்கள் ஊர்க் கன்னியாஸ்திரி ஒருவர் தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார். அங்கே தனியாக இருக்கும் வயதான பெண் ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டும் என்று எங்கள் பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டிருக்கிறார். சுவாமி என் பெயரைத்தான் சொன்னார். வேலை தெரிந்தவள், வாய் காட்டாதவள் என்று சொன்னாராம். திருவிழாக் காலத்தில் நாங்கள் எல்லோரும் கோயில் வளவில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கியிருப்போம். சிஸ்டர் எங்கள் கொட்டிலுக்கு என்னைப் பார்க்க வருகிறார் என்றதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்நியர் ஒருவர் பெண்ணைப் பார்க்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். எனக்குச் சேலை உடுத்தி, தலையில் பூ வைத்து, கையில் தேத்தண்ணித் தட்டைத் தந்து, "குனிஞ்ச தலை நிமிராத. கேட்டாலும் பதில் சொல்லாத, நான் சொல்லுவன்" என்றார். கலியாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டுமோ அப்படியே நான் நின்றேன். பெருவிரலால் மணலில் கோடு கூடக் கீறினேன்.

"பிள்ள, உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எல்லாம் சமைப்பாள் சிஸ்டர்" என்றார் அம்மா.

"நான் பிள்ளையிட்டத்தான் கேட்டன்."

நான் மணலைப் பார்த்தேன். அப்போது மச்சாள், சிஸ்டருக்குக் கொடுத்தனுப்பக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கொட்டில் வாசலில் குந்தியிருந்தாள். அழுக்குப் பாவாடை, கையெல்லாம் மீன் செதில். "சிஸ்டர், அவள் வாய் திறக்க மாட்டாள். இந்தக் கருவாட்டைக் கேட்டீங்க எண்டா அது பதில் சொல்லும்" என்றாள். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவளிடம் பேசத் தொடங்கினார். அந்த இத்தாலிக்காரிக்குக் காது மந்தமாம், சத்தமாகக் கதைக்கிற பிள்ளையாக இருந்தால் நல்லதாம். தேத்தண்ணி என் கையிலேயே ஆறிப்போனது.

பாலாவிச் சந்தி வரைக்கும் போய் நாங்கள் அவளை வழியனுப்பினோம். வான் வண்டியில் ஏறுமுன் என் காதருகே வந்து, "நான் கேட்டுப் போகல்லடி, அவதான் கூப்பிட்டா" என்றாள். நான் தலையாட்டினேன். வான் மறையும்வரை கையும் காட்டினேன். வீட்டுக்கு வந்து, கொட்டிலில் தலையில் வைத்து, பிறகு எடுத்து வைத்திருந்த அந்தக் காய்ந்த பூவைப் பிய்த்து அடுப்பில் போட்டேன்.

நாலு வருடத்துக்கு ஒரு முறை அவள் லீவில் வருவாள். முதல் முறை வந்தபோது என் இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. அவள் தலைமயிரைத் தோள்மட்டத்துக்கு வெட்டியிருந்தாள், அது அவளுக்கு வடிவாகவும் இருந்தது. பெட்டியிலிருந்து இரண்டு போத்தல் சிவப்பு வைன் எடுத்தாள். எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கிளாசுகளில் ஊற்றி, உடனே குடிக்காமல் மூக்கருகே பிடித்து மணந்தாள். அந்த மணக்கிற விதத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ எரிந்தது. கள்ளும் சாராயமும் எங்கள் ஊர் ஆண்களுக்கு உரியவை, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார்கள். ஒரு பெண்பிள்ளை ஆறுதலாக உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து, அதை வாய்க்குள் வைத்திருந்து, பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கும் ஒரு கிளாஸ் தந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். அது போன்ற ஒன்றை நான் என் ஆயுளில் ருசித்ததில்லை. நாவற்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே ஒரு துவர்ப்பு, முதலில் அது வந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு சூடு மெதுவாக இறங்கி, முழங்கால் வரை போய் உட்கார்ந்தது. என் கூச்சம் கொஞ்சம் தள்ளி நின்றது போல இருந்தது. ஆனால் அவள், "எப்படியடி?" என்று கேட்டபோது, "புளிச்ச கள்ளு மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு கிளாசுகளைக் கழுவ எடுத்துப் போய், கிணற்றடியில் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் மிஞ்சியிருந்ததை நக்கிக் குடித்தேன். அவள் வந்த ஒவ்வொரு லீவிலும் அப்படித்தான் செய்தேன். அவளுக்கு முன்னால் ஒரு சொட்டும் தொட்டதில்லை.

வைனை விட என்னை அதிகமாக எரித்தது அவள் சொன்ன கதைகள். கரையோர மீன் கொட்டிலான வாடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக இருந்து இறால் உரிப்போம். அவள் லீவில் வந்தவள், கை அழுக்காக்க வேண்டிய தேவையில்லை. இருந்தும் நடுவில் வந்து குந்தி, எங்களோடு இறால் உரித்துக்கொண்டே கதைப்பாள். ரயில் மலைக்குள் புகுந்தால் ஒரு செபமாலை சொல்லி முடியுமட்டும் இருட்டாம். வெளியே வந்தால் ஒரேயடியாக வெள்ளையாம். "பனி எண்டா பாலாவி உப்பளத்தில குவிச்ச உப்பு மாதிரித்தான். ஆனா கையில அள்ளினா ஒண்டுமில்ல, தண்ணி" என்பாள். அவள் வேலை செய்த வீட்டு அம்மாவை, அந்த ஊர் வழக்கப்படி, 'சிஞ்ஞோரா' என்றுதான் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞ்ஞோரா தன்னைச் சினிமாவுக்கு அனுப்புவார் என்றும், அங்கே கதிரையெல்லாம் சிவப்பு வெல்வெட் துணி போட்டது என்றும், உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும் என்றும் சொன்னாள். பிறகு படத்தைச் சொல்லத் தொடங்குவாள்.

எத்தனையோ படம் சொன்னாள். பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது கதிரைப் படத்தைத்தான். ஒரு துறைமுக ஊரில் ஒரு பெண். புருசன் கப்பலில் சமையற்காரன். அவன் போகிற ஊர்களிலிருந்தெல்லாம் கடிதம் வராது, கதிரை வரும். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கதிரை வாங்கி அனுப்புவான். பிரம்புக் கதிரை, கைபிடி வைத்த கதிரை, ஆடுகிற கதிரை. வீடு நிறைந்து, முற்றம் நிறைந்து, தெருவுக்கும் வந்துவிட்டது. உட்கார ஆளில்லை. கடைசியில் அவள் தெருவில் போகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். ஒருநாள் கிழவனாக அவன் வந்து நிற்கிறான். எல்லாக் கதிரையிலும் ஆள். யாரும் எழும்பவில்லை. அவனும் சிரித்துக்கொண்டு நிலத்தில் குந்துகிறான். அவ்வளவுதான் படம். "எழும்பாதீங்கடி, ஒருத்தியும் எழும்பாதீங்க!" என்று வாடியில் ஒரு கிழவி கத்தினாள். புருசன்மாரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற பெண்கள், அழுதுகொண்டே இறால் உரித்தார்கள். நான் அழவில்லை. அந்த வெல்வெட் கதிரையில் நான் அல்லவா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த லீவில் அதே படத்தைச் சொன்னபோது கிழவன் வரவில்லை. கடைசிக் கதிரை மட்டும் வந்தது. "போனமுறை வந்தானே" என்று நான் மெதுவாகக் கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "அது ரெண்டாம் பாகமடி" என்றாள்.

என் மகளின் கலியாணத்துக்கு அந்தப் பச்சைப் போத்தலைக் கொண்டுவந்தாள். சிஞ்ஞோரா சாகும்போது தனக்குக் கொடுத்ததாம், நல்ல வைனாம். "கலியாணத்தண்டு திற, நீயும் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கலியாணத்துக்கு நிற்க முடியாமல் போய்விட்டாள். நான் திறக்கவில்லை. பிறகு தொலைபேசியில் கேட்டபோது, "முடிஞ்சிது, எல்லாரும் குடிச்சாங்க" என்று பொய் சொன்னேன். தீர்த்தப் போத்தலை வைப்பது போல அலுமாரிக்குள் சுரூபத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். கொஞ்ச நாளில் பின்னால் தள்ளிவிட்டேன். அவள் தந்த சந்தோசம் என் வீட்டில் திறபடாமல் கிடக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

சிஞ்ஞோரா செத்த பிறகும் அவள் அங்கே வேறு வீடுகளில் வேலை செய்தாள், கலியாணம் செய்யவில்லை. வயது போய், முழங்கால் தேய்ந்து, ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது என் வீட்டில்தான் தங்கினாள். ஒருநாள் பகல், மெழுகுதிரி தேடி அலுமாரியைத் திறந்தவள் சுரூபத்தைத் தள்ளினாள். "எடியே, இது என்ன?" என்றாள்.

போத்தலைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். "படுக்க வைக்கணுமடி. நிமிர்த்தி வைச்சா தக்கை காஞ்சு போகும்" என்று மட்டும் சொன்னாள். ஒரு திருகாணியை ஏற்றி, குறட்டால் இழுத்தோம். தக்கை உதிர்ந்து பாதி உள்ளே விழுந்தது. அவள் மூக்கருகே கொண்டுபோகுமுன்னே எனக்கு மணம் தெரிந்துவிட்டது. வைனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியை என் மூக்குக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே புதினம். ஆயுள் முழுக்க வாய் திறக்காதவள் நான் கத்தினேன். "நீ நல்லதக் குடிச்சாய், எனக்கு வினாகிரி. என்ட இடத்துக்குத்தானே போனாய்! கொட்டிலுக்க என்னைப் பார்க்கத்தானே வந்தவ? நீ ரயில்ல போனாய், வெல்வெட் கதிரையில இருந்து படம் பார்த்தாய். நான் இஞ்ச உன்ட கிளாசை நக்கினன்!"

அவள் நாற்பது வருடமாக இதற்காகக் காத்திருந்தவள் போல மெதுவாக உட்கார்ந்தாள். "ரயில் ஓம், அது உண்மை" என்றாள். "சிஞ்ஞோராவோட மலைக்குப் போன ரயில். வைனும் ஓம். பகல் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் தருவா. படம் எங்கயடி? அந்த மனுசியத் தனிய விட ஏலாது. ஒரு தியேட்டருக்குள்ளயும் நான் கால் வைக்கல்ல. தெருவில நோட்டிசு ஒட்டியிருக்கும், பார்த்துக்கொண்டு போவன்."

"அப்ப கதிரைப் படம்?"

"முன்வீட்டில கதிரை திருத்துறவன் ஒருத்தன் இருந்தான். பதினொரு வருசமா யன்னலால அதத்தான் பார்த்தன். ஞாயிற்றுக்கிழமையில அவன் கடை பூட்டு, கதிரையெல்லாம் வெளிய கிடக்கும். இதில ஆர் இருப்பாங்க எண்டு யோசிப்பன். உங்களிட்ட வந்து சொல்லுறதுக்கு எனக்கு வேற என்னடி இருந்திச்சு?" பிறகு பழைய மச்சாளாகிச் சிரித்தாள். "கிளாசை நக்கினியா? சொல்லியிருந்தா ஒரு போத்தலை ஒளிச்சுத் தந்திருப்பனே, கருவாடு!"

அந்த வைனைக் கொட்டவில்லை. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு அச்சாறு செய்தேன். சோற்றோடு அவள் அதை விரும்பிச் சாப்பிட்டாள். இத்தாலிக்காரர் கேள்விப்பட்டால் எங்கள் மேல் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுப்பார்கள் என்றாள்.

என் மனம் அன்றே ஆறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆறவில்லை. முந்தி எனக்கிருந்த எரிச்சலுக்கு ஒரு சமாதானம் இருந்தது. அந்த வான் வண்டியில் நான் ஏறியிருந்தால் அதெல்லாம் எனக்கும் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அதுவும் போய்விட்டது. நான் போயிருந்தால் அந்த யன்னலருகே பதினொரு வருடம் இருந்து, கதிரை திருத்துகிறவனைக் கதிரை திருத்துகிறவனாகவே பார்த்துவிட்டு வந்திருப்பேன். வாடியில் ஒருத்தியும் அழுதிருக்க மாட்டாள். சிஸ்டர் சரியான பிள்ளையைத்தான் கூட்டிப்போனார். இதை எழுதும்போது கூட எனக்கு நெஞ்சு எரிகிறது.

போன வருடம் மச்சாள் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து என் வீட்டில் சாப்பாடு. வாடிக் காலத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "எவ்வளவு பெரிய தியேட்டரில அந்தக் கதிரைப் படத்தப் பார்த்திருப்பாள்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் எந்தத் தியேட்டருக்கும் போனதில்லை என்பது என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வசனம் போதும், நாற்பது வருடக் கணக்கு தீர்ந்துவிடும். அத்தனை பேர் முகத்துக்கு நேரே பார்த்து நான் சொன்னேன்: "ஓம். சிவப்பு வெல்வெட். அந்தப் படம் ரெண்டு பாகம்."

அன்று மறைத்ததை இன்று எழுதுகிறேன். அது அவளுடைய சொந்தப் படம் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். அவளைக் காட்டிக்கொடுக்கத்தான் எழுதுகிறேனோ என்றும் ஒரு பக்கம் பயமாக இருக்கிறது.

எங்கள் வாடி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹோட்டல். வெள்ளைக்காரர் களப்பில் பட்டம் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேல் ஓடுகிறார்கள், பின்னேரத்தில் கரையில் கதிரை போட்டு வைன் குடிக்கிறார்கள். குசினி யன்னலில் நிற்கிற பச்சைப் போத்தலுக்கு மேலாக அந்தக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒரு கதையும் வருவதில்லை. கதிரைதான் தெரிகிறது.

படிக்கிறவர்கள் யாராவது எனக்காக ஒன்றைச் சரி பார்த்துச் சொல்லுங்கள். ரயில் போன மலை, வைன் வைக்கிற முறை, வருடக் கணக்கு, இவற்றில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். ஆனால் முக்கியமாக, கதிரை அனுப்புகிற ஒரு கப்பற்காரனைப் பற்றி இத்தாலியிலோ வேறெங்கோ உண்மையாகவே ஒரு படம் வந்ததா என்று தேடிப் பாருங்கள். வந்திருந்தால், மச்சாள் அன்று என்னை ஆற்றுவதற்காகத்தான், தியேட்டருக்குள் கால் வைக்கவில்லை என்று பொய் சொன்னாள் என்று ஆகும். பழைய எரிச்சலோடு நான் நிம்மதியாக இருந்துகொள்வேன்.