கல்லு பூமியின் அனுகூலங்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் சென்னையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். நுணுக்கமான இயந்திர பாகங்கள் செய்ய ஒரு தொழிற்சாலை கட்டுவதாகப் பேச்சு எழுந்தது. ஆவடிப் பக்கத்து ஆள் என்ற ஒரே காரணத்துக்காக, இடம் பார்க்கப் போன வெள்ளைக்கார எஞ்சினியருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னை அனுப்பிவிட்டார்கள். போய் நின்ற இடம் பருத்திப்பட்டு. அதுவும் எங்கள் நிலத்து வரப்பில்.

அறுவடை முடிந்து நிலம் வெடித்துக் கிடந்தது. அப்பா தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பூட்ஸ் போட்டவர் யார் வந்தாலும் வரி போட வந்தவர்தான். அவரிடம் நிலத்தைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் நெல் மூட்டை அடுக்கியிருக்கும், வாசலில் நின்று பஞ்சப்பாட்டு பாடுவார்கள். இது வரி இல்லை, தொழிற்சாலை என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான்டா. நான் சொல்றத அப்படியே சொல்லு" என்றவர் ஆரம்பித்தார். "கல்லு பூமி தொரை. மம்மட்டி எறங்காது."

சொன்னேன். துரை பூட்ஸ் காலால் தரையை இரண்டு முறை உதைத்தார். முகம் மலர்ந்தது. கனமான இயந்திரம் அசையாமல் நிற்கும் என்று எழுதிக்கொண்டார்.

"நெல்லு போட்டா பாதி சாவிதான் வருது, உள்ள அரிசியே இல்ல."

அப்படியானால் நிலத்தைக் கொடுக்க இவர்களுக்குக் கஷ்டமிருக்காது என்று அதையும் எழுதினார்.

"ஆளுங்க வேல இல்லாம சும்மா குந்திகினு கீறாங்க."

வேலைக்கு ஆள் தாராளம். பக்கத்தில் ரயில் போவதை யாரும் சொல்லாமலே சேர்த்துக்கொண்டார்.

அப்பா நிலத்தைத் திட்டத் திட்ட, துரைக்கு அது பிடித்துக்கொண்டே போனது. அவ்வளவும் பொய், இரண்டு போகம் விளையும், ஏரி இருக்கிறது என்று போட்டு உடைத்துவிடலாமா? உடைத்தால் தண்ணீர் வசதி என்று அதுவும் ஓர் அனுகூலமாகிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இங்கே தொழிற்சாலை வந்தால் எனக்கு ஹெட்கிளார்க் உத்தியோகம் கிடைக்குமோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. உனக்கு என்னதான் வேண்டும் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

மறுநாள் 'இப்பகுதியின் அனுகூலங்கள்' என்ற அந்த ரிப்போர்ட்டை நானே டைப் அடித்தேன். இங்கிலீஷ்தான், ஆனால் வரிக்கு வரி அப்பா பேசியது. எதை மாற்றினால் நிலம் தப்பும் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், புரியவில்லை. ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துக்கு வைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா கேட்டார். "தொரை இன்னாடா எழுதிகினாரு?"

"நீ சொன்னதத்தான் நைனா. ஒண்ணு வுடாம."

அப்பா என் முதுகில் ஓங்கித் தட்டினார். "அப்ப நெலம் தப்பிச்சுதுடா" என்று சிரித்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.