நான்கு நெற்றிக் குங்குமம்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் மலேசியாவில் கோப்பெங்குக்கு வந்து கலாதேவியின் நெற்றியைப் பார்த்துவிட்டுப் போகலாம். புருஷன் உயிரோடுதான் இருக்கிறான். நெற்றி மட்டும் வெறுமையாக இருக்கிறது. கோயிலில் பெண்கள் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அவள் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

புருஷன் பவித்ரன் புல்டோசர் ஓட்டுபவன். வயது முப்பத்தொன்பது. போன மார்ச்சில் வேலையிடத்திலேயே பக்கவாதம் வந்து சாய்ந்தான். வலக்கை போனது. பேச்சும் போனது. அந்த வாயால் தன் பெயரை ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று கலாதேவி நான்கு மாதமாகத் தவித்தாள். அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் ஷர்மினிதான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். ஈப்போவில் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். ஐந்நூறு துண்டுப் புதிர்ப்படம். சேர்த்து முடித்தால் ஜப்பான்காரர்களின் பழைய மரஅச்சு ஓவியம் வரும். மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் நான்கு பெண்கள். வெள்ளை முகம், உயரக் கொண்டை.

"யாரு இவங்க?"

"அந்தக் காலத்து தாசிப் பொண்ணுங்க அக்கா. கல்யாணம் கெடையாது, குடும்பம் கெடையாது. பாவம்லா."

பவித்ரன் இடக்கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பதினோரு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.10க்குக் கடைசித் துண்டும் பொருந்தியது.

கலாதேவிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று கண்ணை உறுத்தியது. நோயாளி படுத்திருக்கும் வீட்டில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, அவன் கண்ணெதிரே நான்கு பாழ் நெற்றி. சாமி மேடையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். நான்கு பேருக்கும் வைத்துவிட்டாள்.

நல்ல மனசோடு வைத்ததுதான். யார் வீட்டில், யாருடைய புருஷன் முன்னால் வைக்கிறோம் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அன்றைக்கே அவனுடைய வலது சுண்டுவிரல் அசைந்தது. மறுநாள் கை முழுதும் அசைந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

ஞாயிறு காலை குளித்துப் பொட்டு வைத்தாள். அவன் அறைக்குள் போவதற்குள் நெற்றியில் பொட்டு இல்லை. வியர்வை என்று நினைத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி இல்லை.

அறையில் ஏதோ தலை எண்ணெய் வாசனை. அவள் வீட்டு எண்ணெய் இல்லை.

திங்கள், மணி 3.10. மழை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்...

வீட்டுக்குள் மரச்செருப்புச் சத்தம்.

பிறகு ஒரு குரல்.

"வா... இப்படி உக்காரு."

பவித்ரன் குரல். நான்கு மாதம் கழித்து. துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி மெத்தை நான்கு இடத்தில் அமுங்கியிருந்தது.

அவளைப் பார்த்தான். காலியாக இருந்த பக்கம் திரும்பிக் கேட்டான்.

"யாரு இந்தப் பொம்பள?"

அவளுக்கு வெறி வந்தது. ஈரத்துணியை எடுத்தாள். படத்தில் முதல் பெண்ணின் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள்.

அவன் மூச்சு நின்றது.

உதடு நீலமானது.

குங்குமம் அழித்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது...

சிமிழைத் திறந்து மறுபடி வைத்தாள்.

மூச்சு வந்தது.

அதன்பிறகு படத்தைக் கலைக்கவும் பயம், வெளியே எடுத்துப் போகவும் பயம். தினமும் அவளே நான்கு பேருக்கும் குங்குமம் வைத்தாள். பெற்றவள் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல் வேளை தவறாமல் வைத்தாள். அவன் நடக்கத் தொடங்கினான். அவளைத்தான் அடையாளம் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து தர்மா பார்க்க வந்தான். பவித்ரனோடு வேலை செய்தவன். வாசலிலேயே நின்று தயங்கிச் சொன்னான்.

"அக்கா, அவன் விழுந்த அன்னைக்கு பழைய ரப்பர் தோட்டத்த அழிச்சிட்டு இருந்தோம். பொதருக்குள்ள சின்னச் சின்னதா நாலு கல்லு. ஜப்பான் எழுத்து. வெள்ளக்காரன் காலத்துல தொழிலுக்குக் கொண்டாந்த பொண்ணுங்க சமாதின்னு அங்க ஒரு சீனத் தாத்தா சொன்னாரு."

"அப்புறம்?"

"இவன் மெஷின நிப்பாட்டினான். வெளயாட்டுக்குத்தான் அக்கா, அந்தக் கல்லுங்களப் பாத்துச் சொன்னான். 'தனியா ஏன் கெடக்குறீங்க, எங்க வீட்டுக்கு வந்துருங்கலா'ன்னான். அப்புறம் நாலு கல்லையும் மெஷின்ல தள்ளிட்டான்."

மணி 6.40. விளக்கு வைக்கும் நேரம்.

கூப்பிட்டவன் அவன். குங்குமம் வைத்துக் குடும்பத்தில் சேர்த்தவள் அவள்.

டொக்... டொக்... டொக்... டொக்...

உள்ளே பவித்ரன் கூப்பிட்டான். தெளிவாக, ஆசையாக, ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

நான்கு பெயர்.

அவள் பெயர் அதில் இல்லை.