பெரியப்பாவின் பிரதானி

ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் செத்துப்போன ஒரு மனிதர்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உயிரோடு இருப்பவர்களைக் கோபிக்கத் தைரியமில்லாதவன்தான் இப்படிச் செய்வான் என்பது என் மனைவியின் கட்சி. மறுக்க வழியில்லை.

அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் அரசனின் சபையில் பிரதானியாக, அதாவது மந்திரியாக, இருந்தவராம். எங்கள் மூதாதையாம். இதற்கு ஆதாரம் பெரியப்பாவின் வாய். அரண்மனைக்குப் பக்கத்தில் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடு, வாசலில் யானை, இரண்டு பெண்சாதிமார், ஐந்து ஆண்பிள்ளைகள், ஒரு மகள். அரசன் தன் கையால் வெற்றிலை கொடுத்தது இவருக்கு மட்டுந்தானாம். குதிரை வணிகன் ஒருவன் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து மகளைப் பெண் கேட்டபோது, பிரதானி அந்தத் தட்டத்தை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார். மகள் கன்னியாகவே இருந்து செத்தாள். இந்த இடம் வரும்போது பெரியப்பா எப்போதும் நிமிர்ந்து உட்காருவார். மகன்மார் ஐவரின் பட்டங்களும் அவருக்கு மனப்பாடம். மகளின் பெயர்தான் தெரியாது.

தெற்கிலிருந்து படை வந்து அரசன் இந்தியாவுக்கு ஓடினான். பிரதானியின் பதவி போகவில்லை. அரசன் திரும்பி வந்தான், அப்போதும் போகவில்லை. பெரியப்பாவுக்கு இது பெருமை. நாலு சரித்திரப் புத்தகம் படித்துக் கெட்டுப்போன எனக்கோ, வந்தவனுக்கெல்லாம் கதவு திறந்துவிட்ட ஆள் என்றுதான் படும். எங்கள் வம்சத்தில் முதன்முதலில் ஓடியவர்கள் நாங்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் நானும் மனைவியும் தங்கையும் இருந்தோம். பிரதானியும் இருந்தார், வாடகை கொடுக்காமல். நான் ஓர் அலுவலகக் கட்டடத்தின் காவலாளி. என் சீருடையின் தோளில் பளபளத்த பட்டியைப் பார்த்துப் பெரியப்பா, "பரம்பரை விட்டுப்போகாது" என்றார்.

தங்கைக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வேலைத்தலத்தில் ஒருவரைச் சந்தித்து, இருவருக்கும் பிடித்துப்போய், விட்பியிலிருந்து அவருடைய வீட்டார் பேசி வந்தார்கள். பெரியவர்கள் வெற்றிலை மாற்றுவது ஒன்றுதான் மிச்சம். அப்பா இல்லை. ஆகவே றிச்மண்ட் ஹில்லில் மகனோடு இருந்த பெரியப்பாவை நானே காரில் ஏற்றிவந்தேன். கூடவே பிரதானியும் ஏறிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தாய் வெற்றிலைத் தட்டத்தைப் பெரியப்பாவின் முன்னால் வைத்தார். பெரியப்பா அதைத் தொடாமல் அரண்மனையில் தொடங்கினார். யானைக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

"அது எங்கடை பகுதி," என்று முடித்தார். "உங்கடை ஆக்கள் அந்தக் காலத்திலை என்ன செய்தவை?"

மாப்பிள்ளையின் தகப்பன் டாக்சி ஓட்டுபவர். சிரித்த முகம். "ஆருக்கு ஐயா தெரியும்? உங்கடை யானைக்குக் குழை வெட்டிப் போட்டிருப்பினம். யானை நிண்டால் ஆரோ போடத்தானே வேணும்?"

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சுட்டுவிரலை நீட்டினார். தட்டம் மேசையில் உரசிக்கொண்டு நகர்ந்தது.

"பெரியப்பா, என்ன வேலை இது?"

"நீ பேசாமல் இரு. புத்தகம் படிச்சவனுக்கு உது விளங்காது."

"படிச்சபடியாத்தான் கேக்கிறன். உங்கடை பிரதானி வந்த ராசாவுக்கெல்லாம் கதவு திறந்தவர். இந்தச் சனத்துக்கு மட்டும் ஏன் பூட்டுறியள்?"

கர்ச்சிக்க நினைத்த இடத்தில் என் குரல் கீச்சிட்டது.

"வாயை மூடடா! இவ்வளவு காலம் இல்லாத அவசரம் இப்ப என்ன அவளுக்கு? எங்கடை குலத்திலை கன்னியா இருந்து பேரெடுத்த பொம்பிளையும் இருக்கிறா."

குசினி வாசலில் வடைத் தட்டோடு தங்கை நின்றாள்.

"அவவின்ரை பேர் என்ன, பெரியப்பா?"

"ஆற்றை பேர்?"

"பேரெடுத்த அந்தப் பொம்பிளையின்ரை."

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். தங்கை வடையை வைத்துவிட்டு, தள்ளப்பட்ட தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பை அள்ளிப் பூசி, அப்படியே வாய்க்குள் திணித்தாள். வாழ்க்கையில் வெற்றிலை போட்டறியாதவள். கண்ணிலிருந்து நீர் ஓடியது.

"ஐயோ, சுண்ணாம்பு கூடிப்போச்சு பிள்ளை. துப்பு!" என்று பதறினார் மாப்பிள்ளையின் தாய்.

"துப்பமாட்டன், மாமி."

பெரியப்பா எழுந்தார். "என்னை வீட்டை கொண்டுபோய் விடு."

"மாட்டன்" என்றேன். இந்தமுறை குரல் கீச்சிடவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன்தான் சாவியை எடுத்தார். "வாங்கோ ஐயா, நான் விடுறன். எனக்கு உதுதானே தொழில்."

வேண்டாம் என்று பெரியப்பா சொல்லவில்லை. பல்கனியிலிருந்து பார்த்தேன். அந்த மனிதர் தனக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டார். பெரியப்பா அதைச் சாத்தினார். சாத்திவிட்டு, பின்கதவை ஆராவது வந்து திறக்கும்வரை, கொட்டுகிற பனிக்குள் அசையாமல் நின்றார்.